நாலு பேருக்கு மேல் நின்றால்

சுவிட்சர்லாந்தில், ஆராவுக்கும் டீட்டிகோனுக்கும் இடையில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. நடுவே ஆறு ஓடுகிறது. இடக்கரைக்கு ஒரு நகரசபை, வலக்கரைக்கு இன்னொரு நகரசபை. இரண்டும் நூற்றைம்பது வருடங்களாகச் சண்டையில்லாமல் பிரிந்திருக்கின்றன. பாலத்தின் நடுவில் ஒரு பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கத்துப் பனியை இவர்களும் அந்தப் பக்கத்துப் பனியை அவர்களும் வழிக்கிறார்கள்.

அங்கே வாழும் தமிழர்களும் இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறார்கள். முதலில் தமிழர் ஒற்றுமை மன்றம் என்று ஒன்றுதான் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு கலைவிழாவில் மங்கள விளக்கேற்றும்போது பிரச்சினை வந்தது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம், நிர்வாகசபையிலோ ஆறு பேர். ஆறாவதாக நின்றவர் உபதலைவர். அவர் எரிந்த தீக்குச்சியோடு மேடையில் நின்றார். குச்சி விரலைச் சுட்டதும் இறங்கிப் போனார். வலக்கரையில் ஐக்கிய தமிழர் ஒற்றுமை மன்றத்தைத் தொடங்கினார்.

விளக்கு பொதுச்சொத்து. அதையும் நீதியாகப் பிரித்தார்கள். அடியும் தண்டும் இடக்கரைக்கு, எண்ணெய்த் தட்டும் உச்சியிலுள்ள அன்னமும் வலக்கரைக்கு. அன்று முதல் இடக்கரையில் தண்டின்மேல் சூப்புக் கோப்பையை ஒட்டி விளக்கேற்றுகிறார்கள். வலக்கரையில் தட்டை மேசையில் வைத்து ஏற்றுகிறார்கள். இரண்டிலும் வெளிச்சம் வருகிறது.

இடக்கரை மன்றத்தின் தலைவர் சிவநேசன். பத்தொன்பது வருடங்களாக அவரே தலைவர். மன்றத்தின் யாப்புப்படி, அதாவது சட்டவிதிப்படி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அமைதியான சூழ்நிலையில், தேர்தல் நடக்க வேண்டும். சூழ்நிலை அமைதியானதா என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். தேர்தல் வேண்டும் என்று யாராவது கேட்டால் அமைதி குலைந்துவிட்டது என்று பொருள். ஒருவரும் கேட்காவிட்டால் தேர்தல் தேவையில்லை என்று பொருள். அவர் கெட்டவர் அல்லர். செத்தவீடு என்றால் முதல் ஆளாக வந்து கதிரை இறக்குவார். பிறகு அந்தக் கதிரைகளில் யார் எங்கே இருப்பது என்று சொல்லுவார்.

இந்த மன்றத்தில் குலேந்திரன் சாதாரண உறுப்பினர். வயது ஐம்பத்தாறு. டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக எல்லாக் கூட்டத்துக்கும் போய், எல்லாத் தீர்மானத்துக்கும் கை உயர்த்தி, கடைசியில் பிளேன்டீ குடித்துவிட்டு வருவார். தன்னிடம் ஒரு கேள்வி இருக்கும் நாள் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அந்த நாள் மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஊரிலிருந்து ஒரு பெண் சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தார். குலேந்திரனின் தம்பி சயந்தன் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். காணாமல்போனவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு, ஒரு அரச அலுவலகத்துக்கு முன்னால் பாய் விரித்து மௌனமாக உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். மூன்றாம் நாள் காலையில் பாய் மட்டும் இருந்தது.

"பொலிஸ் தங்களிட்டை அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுது அண்ணை," என்றார் சட்டத்தரணி. "வாற வியாழன் நீதவானுக்கு முன்னாலை கேக்கப்போறன். அதுக்குள்ளை எனக்கு ஒரு படம் வேணும். வெளிநாட்டிலை ஒரு பொது இடத்திலை, சனம் அவற்றை பேரோடையும் படத்தோடையும் நிக்கிற படம். வெளியிலை பேர் தெரிஞ்ச ஆளை இல்லை எண்டு சொல்லுறது அவங்களுக்குக் கொஞ்சம் கரைச்சல்."

"எத்தினை பேர் நிக்கவேணும் பிள்ளை?"

"பத்துப் பேர் எண்டாலும் காணும். புதன் பின்னேரத்துக்கிடையிலை அனுப்பிப்போடுங்கோ."

குலேந்திரனுக்கு அது கடினமான வேலையாகத் தோன்றவில்லை. சர்வாதிகாரத்துக்கு எதிராக நிற்பது மன்றத்தின் யாப்பில் இரண்டாவது நோக்கம். முதலாவது நோக்கம் கலைவிழா.

வெள்ளிக்கிழமை மாலை நிர்வாகசபை கூடியது. குலேந்திரன் எழுந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. சபை இரண்டு நிமிடம் அகவணக்கம் செலுத்தியது.

"அவன் சாகேல்லை," என்றார் குலேந்திரன்.

"அது பொதுவான வணக்கம்," என்றார் செயலாளர் ஞானசேகரம். பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "உம்மட தம்பி எங்கடை மன்றத்திலை உறுப்பினரோ?"

"அவன் ஊரிலை எல்லோ இருக்கிறான்."

"உறுப்பினர் இல்லாத ஆளின்ரை பேரைப் பதாகையிலை போட ஏலாது. யாப்பு பதினாலாம் பிரிவு. படிவம் தாறன். ரெண்டு படம், அவற்றை கையெழுத்து. அனுப்பி எடுப்பியுமன்."

"அவன் எங்கை இருக்கிறான் எண்டே தெரியாது அண்ணை."

"விலாசம் எண்ட இடத்தை வெறுமையா விடலாம்," என்றார் ஞானசேகரம் பெருந்தன்மையாக. "கையெழுத்துத்தான் முக்கியம்."

தலைவர் சிவநேசன் கையை உயர்த்தினார். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். ஏற்கெனவே ஒருவரும் பேசவில்லை.

"குலேந்திரன்ரை கண்ணீர் எங்கள் எல்லாருடைய கண்ணீர். பெரிசாச் செய்வம். பிரதம விருந்தினரா ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிடுவம். ஏப்ரல் கடைசி ஞாயிறு மண்டபம் காலியா இருக்கு."

"வழக்கு வாற வியாழன் அண்ணை."

"அதை ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லுமன். சட்டத்தரணிதானே, அவைக்கு அது சுகம்."

குலேந்திரன் உட்காரவில்லை. பத்தொன்பது வருடத்தில் தலைவர் சொல்லி முடித்த பிறகும் உட்காராமல் நின்ற முதல் ஆள் அவர்தான். அது ஒரு எதிர்ப்பு என்று அவருக்கே தெரியாது, கால் மடங்கவில்லை, அவ்வளவுதான். சபை அதைப் பார்த்துப் பதறியது. அவசரத் தீர்மானம் நிறைவேறியது. நாளைக்கே, சனிக்கிழமை, மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் கவனயீர்ப்புப் போராட்டம்.

சனிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சடித்துக் கொடுக்கப்பட்டது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, வரவேற்பு நடனம், தலைமையுரை, பொன்னாடை போர்த்தல், நன்றியுரை. கடைசி வரியில், நேரம் இருந்தால் கவனயீர்ப்பு என்று இருந்தது. பதாகையில் சிவநேசனின் படம் வலக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவில் இருந்தது. அதன் கீழே, சர்வாதிகாரம் ஒழிக.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார்.

"அங்கே கேள்வி கேட்பவனைச் சிறையில் போடுகிறார்கள். இங்கே பாருங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த மன்றத்தில் ஒருவர்கூடக் கேள்வி கேட்டதில்லை. ஒருவரையும் நாம் சிறையில் போட்டதில்லை. இதுதான் சனநாயகம். அங்கே ஆட்சியாளர்கள் தங்கள் படத்தைத் தெருவெல்லாம் ஒட்டுகிறார்கள். வெட்கம். அவர்களுக்குச் செய்தி சொல்லத்தான் இன்று என் படத்தை ஒட்டியிருக்கிறோம்."

பலமாகக் கை தட்டினார்கள். ஒரு பொன்னாடை குலேந்திரனுக்கும் போர்த்தினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. பிறகு மழை தூறத் தொடங்கியதால் கவனயீர்ப்புக்கு நேரம் இருக்கவில்லை.

குலேந்திரன் கிடைத்த படங்களைச் சட்டத்தரணிக்கு அனுப்பினார். ஞாயிறு காலையில் பதில் வந்தது.

"இதிலை உங்கடை தம்பியின்ரை பேர் எங்கை இருக்கு அண்ணை? பதாகையிலை இருக்கிற அந்த ஐயாவையும் பிடிச்சுப் போட்டாங்களோ?"

குலேந்திரன் அதை மனைவி கஜலக்சுமியிடம் காட்டினார். அவர் வாசித்துவிட்டு அடுப்பை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளைக்கு எழுதுங்கோ. அவரை ஒருத்தரும் பிடிக்கேல்லை, நாங்கள்தான் அவரிட்டைப் பிடிபட்டுப்போய்க் கிடக்கிறம் எண்டு."

"சும்மா இரும்."

"சும்மா இருந்துதான் இந்தக் கோலம்," என்றார் கஜலக்சுமி.

அன்று பின்னேரம் குலேந்திரன் பாலத்தைத் தாண்டி வலக்கரை மன்றத்துக்குப் போனார். அந்தத் தலைவரும் குலேந்திரனின் கண்ணீர் தங்கள் கண்ணீர் என்றார். இடக்கரை மன்றத்தைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதித் தந்தால் உடனே ஐந்நூறு பேரைத் திரட்டலாம் என்றார். தம்பிக்காக வந்த இடத்தில் இன்னொருவரைத் திட்டி எழுதக் குலேந்திரனுக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, சமையல் பகுதியிலிருந்து ஒரு பெண் கை துடைத்தபடி வந்தார். பெயர் தில்லைநாயகி. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர். அந்த மன்றத்தின் எல்லா விழாவுக்கும் சமைப்பவர், ஒரு விழாவிலும் மேடையில் ஏறாதவர்.

"அண்ணை, எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் வாறன். இன்னும் ரெண்டு மூண்டு பேரைக் கேட்டுப் பாக்கிறன்."

திங்கட்கிழமை குலேந்திரன் லீவு எடுத்து இடக்கரை நகரசபைக்குப் போனார். பொது இடத்தில் கூடுவதற்கு அனுமதி கொடுப்பவர் ஃப்ராவ் அம்மான், அதாவது திருமதி அம்மான். மெலிந்தவர், ஐம்பது வயது இருக்கும். ஆறு பக்கப் படிவத்தை எடுத்து வைத்தார்.

"சத்தம்?"

"மௌனம்," என்றார் குலேந்திரன் தன் ஜெர்மனில்.

"எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மௌனம்?"

"பத்து நிமிடம் போதும்."

"மௌனத்துக்கு ஒலிபெருக்கி பாவிப்பீர்களா?"

"இல்லை."

"கழிப்பறை? ஐம்பது பேருக்கு ஒன்று வேண்டும்."

"பத்துப் பேர்தான்."

"அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு கழிப்பறை," என்று எழுதினார் ஃப்ராவ் அம்மான். அவர் சிரிக்கவில்லை. "விண்ணப்பத்தை இருபது வேலைநாளுக்கு முன் தர வேண்டும்."

"புதன்கிழமை நடக்க வேண்டும்."

"திடீர்ச் சம்பவங்களுக்கு அவசரப் படிவம் இருக்கிறது. அதைப் பத்து வேலைநாளுக்கு முன் தர வேண்டும்."

குலேந்திரன் தம்பியின் படத்தை மேசையில் வைத்தார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எடுத்தது. கழுத்தில் விசில் தொங்கியது. ஃப்ராவ் அம்மான் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

"நாலு பேர் வரை நின்றால் அது நிற்பது," என்றார் மெதுவாக. "ஐந்தாவது ஆள் வந்தால்தான் ஆர்ப்பாட்டம். நிற்பதற்கு அனுமதி தேவையில்லை."

"நாலு பேர் போதாது, அம்மா."

"பாலத்தில் ஒரு பித்தளைக் கோடு இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் நகரசபை இல்லை. அங்கே நிற்பவர்களை நான் எண்ண முடியாது. அவர்களும் எங்கள் பக்கத்தை எண்ண மாட்டார்கள். விதி இரு கரையிலும் ஒன்றுதான்." படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு எனக்கு மதிய உணவு இடைவேளை. பாலத்தில் நடப்பது வழக்கம்."

அந்த நகரம் இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு மனிதனுக்கு நன்மை வந்தது அன்றுதான். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவில் கோடு இருந்தாலும் படத்தில் எட்டுப் பேர்.

ஆனால் குலேந்திரன் தெரிந்தவர்களிடம் ஆள் கேட்டதும் செய்தி மன்றத்துக்கு எட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை மன்றத்தின் வாட்ஸப் குழுவில் அறிக்கை வந்தது. தலைமையின் அனுமதி இல்லாமல் சர்வாதிகாரத்தை எதிர்ப்பது மன்ற ஒழுங்குக்கு முரணானது. அதில் பங்குபற்றுவோரின் பிள்ளைகள் கலைவிழாவில் ஆட முடியாது.

மாலை முழுவதும் குலேந்திரனின் தொலைபேசி ஒலித்தது. ஒருவர் முதுகுவலி என்றார். ஒருவர் மேலதிக வேலை என்றார். பெரும்பாலானோர் உண்மையைத்தான் சொன்னார்கள்.

"வரேல்லை எண்டு குறை நினையாதையுங்கோ அண்ணை. பிள்ளை ஒரு வருசமாப் பழகினது. மனதாலை வாறன்."

கஜலக்சுமி எண்ணிக்கொண்டிருந்தார். மனதால் வருவோர் நாற்பத்தொரு பேர்.

"மனதாலை வாறவையைப் படத்திலை விழுத்த ஏலுமெண்டால் நல்லது," என்றார்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மழை பெய்தது. நிற்க வந்தவர்கள், முகம் படத்தில் தெரியட்டும் என்று, குடை கொண்டுவரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் குலேந்திரன், கஜலக்சுமி, களஞ்சியத்தில் கூட வேலை செய்யும் போர்த்துக்கேயர் ஜோர்ஜ், தாதியாக இருக்கும் டிலக்ஷி. டிலக்ஷியின் மகள் வரவேற்பு நடனத்தில் முதல் வரிசை. "இனி இல்லை," என்று மட்டும் டிலக்ஷி சொன்னார். அந்தப் பக்கம் தில்லைநாயகியும் அவர் கூட்டி வந்த இருவரும். நாலாவதாக வந்தவர் பாலத்தின் முனைவரை வந்து, கமராவைக் கண்டு திரும்பிப் போய்விட்டார்.

கமரா ஞானசேகரத்தின் கையில் இருந்தது. நிற்பவர்களின் முகங்களை ஆவணத்துக்காக ஒவ்வொன்றாக எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் சிவநேசன் மேலங்கியோடு நின்றார்.

"குலேந்திரன், இது சரியில்லை," என்றார். "அங்கை அவங்கள் செய்யிறது சர்வாதிகாரம். இஞ்சை நான் செய்யிறது ஒழுங்கு. வித்தியாசம் விளங்கவேணும்."

"விளங்குது அண்ணை. படம் மட்டும் எடுத்திட்டுப் போயிடுறம்."

படம் என்றதும் சிவநேசன் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டு, வந்து வரிசையின் நடுவில் நின்றார். பத்தொன்பது வருடமாக எந்தப் படத்திலும் நடுவில் நின்றவர்.

"அண்ணை, நீங்கள் நிண்டால் அஞ்சு பேர்," என்றார் குலேந்திரன். "பிறகு ஆர்ப்பாட்டமாப் போயிடும்."

"தலைவரை எண்ணுறேல்லை."

அந்த நேரம் ஃப்ராவ் அம்மான் கையில் மதிய உணவுக்கான ஒரு பாண் துண்டோடு வந்துகொண்டிருந்தார். டிலக்ஷி ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னார்.

"நான் எண்ணுவேன்," என்றார் ஃப்ராவ் அம்மான்.

குலேந்திரன் சிவநேசனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்கு அண்ணை. வாங்கோ. உங்களுக்குத்தான் விட்டிருக்கு எண்டு நினையுங்கோ."

பித்தளைக் கோடு ஓரடி தூரத்தில் இருந்தது. சிவநேசன் அதைப் பார்த்தார். பதினொரு வருடமாக அவர் அதைத் தாண்டியதில்லை. வலக்கரையிலுள்ள பல் வைத்தியரிடம் போகக்கூடப் பக்கத்து ஊர்ப் பாலத்தால் சுற்றிப் போவார். ஒரு சப்பாத்து கோட்டின் விளிம்புவரை போனது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணை, பதிவாகுது," என்றார் ஞானசேகரம் தாழ்ந்த குரலில்.

சப்பாத்து திரும்பி வந்தது. இருவரும் இடக்கரைப் பக்கமாக நடந்து போனார்கள். மழையில் சிவநேசனின் முதுகைப் பார்க்கக் குலேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. ஒரு அடி வைத்திருந்தால் அந்த மனிதன் அன்று வேறு ஒருவராகியிருப்பார். கடவுள் பலருக்கு அப்படி ஒரு அடி தூரத்தைக் கொடுக்கிறார்.

தில்லைநாயகி ஒரு வெள்ளை அட்டையில் சயந்தன் என்று மூன்று மொழியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மழை அட்டையில் விழுந்து மை கரையத் தொடங்கியது. அட்டையை மார்போடு திருப்பினால் பெயர் தெரியாது. பிடித்து நின்றால் பெயர் போய்விடும்.

அப்போது வலக்கரையிலிருந்து ஒரு பெண் கடைப் பையோடு வந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. கஜலக்சுமி பிடித்திருந்த படத்தையும் கரைகிற பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உயிரோடு இருக்கிறாரா?" என்று உடைந்த ஜெர்மனில் கேட்டார்.

"தெரியாது," என்றார் குலேந்திரன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பையை நிலத்தில் வைத்தார். காலியாக இருந்த நாலாவது இடத்தில் வந்து நின்றார். தன் குடையைத் தன் தலையிலிருந்து எடுத்து அட்டைக்கு மேலே பிடித்தார். படம் எடுப்பவர் நிற்பவர் அல்லர் என்று விதியில் இருப்பதாகச் சொல்லி, ஃப்ராவ் அம்மானே குலேந்திரனின் தொலைபேசியை வாங்கிப் படம் எடுத்தார். பத்து நிமிடம் நின்றார்கள். முடிந்ததும் அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குலேந்திரன் படத்தை அனுப்பும் அவசரத்தில் இருந்தார். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

வியாழக்கிழமை காலை களஞ்சியத்தின் இடைவேளையில் தொலைபேசி வந்தது. குலேந்திரன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"கொண்டுவந்தவங்கள் அண்ணை," என்றார் சட்டத்தரணி. "நேற்றுவரை தங்களிட்டை இல்லாத ஆளை இண்டைக்குக் கொண்டுவந்தாங்கள். படத்தை நான் காலமையே நீதவானிட்டைக் குடுத்திட்டன்."

"எப்பிடி இருக்கிறான்?"

"நடந்து வரேல்லை. ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வந்தவை. ஒரு கண் திறக்க ஏலாமல் வீங்கியிருக்கு. பிணை குடுக்கேல்லை. இன்னும் பதினாலு நாள் உள்ளை மறியலிலை இருக்கவேணும். ஆனால் இப்ப பதிவிலை பேர் இருக்கு. இனி இல்லை எண்டு சொல்ல ஏலாது."

தூரத்தில் ஜோர்ஜ் அவருடைய பெட்டிகளையும் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிசம் கதைக்க விட்டவங்கள். படத்தைக் காட்டினன். கன நேரம் பாத்தவர். உங்களையும் அண்ணியையும் அடையாளம் கண்டவர். பிறகு, இந்தக் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிற அம்மா ஆர் எண்டு கேட்டவர். தான் நனைஞ்சு கொண்டு என்ரை பேரை நனைய விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டார். பேரைக் கேட்டு வரச்சொன்னவர். உள்ளை கும்பிடேக்கை சொல்லவேணுமாம்."

"பேர் தெரியாது பிள்ளை."

"அடுத்த வழக்குத் தவணை ரெண்டு கிழமையிலை. அதுக்குள்ளை கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை. வேறை ஒண்டும் அவர் கேக்கேல்லை."

அன்று மாலை வீட்டில் மன்றத்தின் கடிதம் இருந்தது. தலைவரை ஐந்தாவது ஆளாக எண்ண வைத்த குற்றத்துக்காகக் குலேந்திரன் ஆறு மாதம் இடைநிறுத்தப்பட்டிருந்தார். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. மன்றத்தின் தொடர் முயற்சியால் திரு. சயந்தன் நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்பட்டதையிட்டுத் தலைவருக்குப் பாராட்டுவிழா, ஏப்ரல் கடைசி ஞாயிறு. கஜலக்சுமி இரண்டையும் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குலேந்திரன் பாலத்துக்குப் போனார். அந்தப் பெண் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை வேலையில் அரைநாள் கேட்டு வாங்கி மறுபடி போய்ப் பித்தளைக் கோட்டின் பக்கத்தில் நின்றார். ஃப்ராவ் அம்மான் பாணைக் கடித்தபடி கடந்து போனார். ஒருவர் மட்டும் நின்றதால் எண்ணவில்லை, தலையசைத்தார்.

குலேந்திரன் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றும் மழை. பாலத்தில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் குடை இருந்தது.